பூச்சி விழாத ஒன்பது நாள்

பத்து நிமிஷம். ஈரத்துணியை ஹெல்மெட் கண்ணாடி மேல் விரித்தாயிற்று, மணி ஆறு இருபத்திரண்டு, ஆறு முப்பத்திரண்டுக்கு எடுக்கலாம், ஒரு நிமிஷம் முந்தி எடுத்தாலும் தப்பு, காய்ந்து ஒட்டிய பூச்சியை அவசரப்பட்டுத் தேய்த்தால் இறக்கை வரும், வயிறு வராது, வயிற்றில் இருக்கிற மஞ்சள்தான் பசை, அது ஊற வேண்டும். இதை என் மனைவி பிரமுவுக்கு எத்தனை தடவை சொல்லியாயிற்று. அவள் முந்தானையால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, துடைச்சாச்சு என்பாள். முப்பது வருஷமாகக் கரும்பலகை துடைத்த கை, அழிந்தால் போதும் அதற்கு. அதனால்தான் நான் ரிட்டையரான மறுவாரமே இந்த வேலையை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். பிடுங்கினேன் என்று நான் சொல்கிறேன், கொடுத்தேன் என்று அவள் சொல்லக்கூடும், அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. கேட் சத்தம் கேட்டதும் நான் துணியும் கிண்ணமுமாக வாசலுக்கு வருவேன், அவள் ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, தலைமையாசிரியை கோப்பைக் கொடுப்பது மாதிரி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போவாள், முகம் கழுவுவாள், காப்பி போடுவாள். பத்து நிமிஷம் அவளுக்கு, பத்து நிமிஷம் எனக்கு. இப்போது உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம். வழக்கத்தைவிடக் கூடுதலாகவே கழுவுகிறாள். இன்னும் எட்டரை நிமிஷம் இருக்கிறது. ஆனால் இந்தத் துணிக்கு அடியில் ஊறுவதற்கு என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. இன்றைக்கும் ஒரு பூச்சிகூட இல்லை.

பள்ளிக்கூடம் இல்லாத சனி ஞாயிறை விட்டால் இன்றோடு ஒன்பது நாள். காலண்டரில் பார்த்தால் தெரியும், அடுப்படிக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது, ஒவ்வொரு கட்டத்திலும் தேதிக்குக் கீழே சின்னதாக அன்றைய எண்ணிக்கை. முப்பத்தொன்று, நாற்பத்தாறு, ஐப்பசியில் மழை விட்ட மறுநாள் நூற்றுப்பன்னிரண்டு. வேலையில்லாத கிழவன் செய்கிற வேலை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும், முப்பத்திநாலு வருஷம் வேளாண்மைத் துறையில் நான் செய்த வேலை இதுதான். விதைப் பண்ணையில் விளக்குப் பொறி, சாயங்காலம் விளக்கு எரியும், ராத்திரி பூச்சி வந்து விழும், காலையில் நான் அதை வெள்ளைத்தாளில் கொட்டி, தூரிகையால் பிரித்து, வகை வகையாக எண்ணி எழுத வேண்டும். எந்தப் பூச்சி எத்தனை என்று தெரிந்தால் எந்த வயலுக்கு என்ன வரப்போகிறது என்று தெரியும். இப்போது பொறி இல்லை, பிரமு இருக்கிறாள். அம்பாசமுத்திரத்திலிருந்து அவள் தலைமையாசிரியையாக இருக்கிற பள்ளிக்கூடம் பதினாறு கிலோமீட்டர், கால்வாயை ஒட்டியே போகிற ரோடு, இரண்டு பக்கமும் பிசானப் பருவத்து நெல், பரீட்சை வேலை முடித்து அவள் கிளம்பும்போது சரியாகப் பூச்சி பறக்கிற நேரம். பச்சைத் தத்துப்பூச்சி பட்டால் கண்ணாடியில் பச்சைத் தூறல். குருத்துப்பூச்சியின் அந்து, அந்தச் சின்ன விட்டில், பட்டால் வைக்கோல் நிறத்தில் ஒரு பொடி. நாவாய்ப்பூச்சியை மோந்து பார்த்தே சொல்லிவிடுவேன், அந்த நாற்றம் பிரமுவுக்கு ஆகாது. காப்பியோடு வந்து, "இன்னைக்கு எத்தனை கொலை?" என்பாள். நாற்பத்தாறு என்பேன். "பாவம் பூராவும் எனக்கு, கணக்கு மட்டும் உங்களுக்கா?" என்பாள். ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட இதேதான், ஒவ்வொரு நாளும் எனக்குச் சிரிப்பு வரும். ஒன்பது நாளாக அவள் கேட்பதில்லை. போன வாரம் செவ்வாய்க்கிழமை முதல் பூஜ்யம் விழுந்த அன்று நானாகத்தான் சொன்னேன், "பிரமு, இன்னைக்கு ஒண்ணுகூட இல்லட்டி. பனி இறங்கிட்டு. வயலெல்லாம் சுத்தமா இருக்கு போல." ஆமா, என்றாள். அவ்வளவு சீக்கிரம் ஆமா சொல்கிறவள் இல்லை அவள். பனி பெய்தால் பூச்சி ஏன் குறையும், வயல்காரர்கள் எல்லாரும் சொல்லிவைத்து ஒரே நாளில் மருந்து அடித்தார்களா, என்று குறுக்கே நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நானும் அதைக் கவனிக்கவில்லை, பூஜ்யம் என்று எழுதினேன்.

பூஜ்யம். என் கையெழுத்தில் பூஜ்யம் எப்போதும் கொஞ்சம் நெளிந்துதான் இருக்கும், மேலே மூடாது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம் அப்படி ஐந்து பூஜ்யம் வரிசையாக எழுதினேன். காலையில் போய்ப் பொறியைத் திறந்தால் ஒன்றுமில்லை, மறுநாளும் இல்லை, எனக்கு என்ன சந்தோஷம், நானே ஊதி விரட்டிவிட்ட மாதிரி. பூச்சி இல்லை, மருந்து தேவையில்லை என்று ஆபீசுக்கு எழுதியும் போட்டுவிட்டேன். ஐந்து நாள் கழித்துப் பேச்சிமுத்து என்கிற விவசாயி பண்ணைக்கே வந்து நின்றார். கையில் ஒரு நெல் தூர், அடியில் முழுக்கப் புகையான் பூச்சி, மிளகைத் தூவிய மாதிரி. அவர் வயலில் வட்டம் வட்டமாகக் கருகிப்போயிருந்தது, தீ வைத்த மாதிரி. அவர் சத்தம் போடவில்லை. "சார், உங்க விளக்குக்கு வராத பூச்சி என் வயலுக்கு மட்டும் எப்படி சார் வந்துச்சு?" என்றார், நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் மாதிரி. பிறகுதான் பார்த்தோம், பல்பு ஃபியூஸ் ஆகியிருந்தது. காவலாளி ஷெட்டுக்குள் இருந்து தினமும் சுவிட்சைப் போட்டிருக்கிறான், விளக்கு எரிந்ததா என்று அவனும் வெளியே வந்து பார்க்கவில்லை. நான் வருவது காலையில், வெயிலில் எல்லா விளக்கும் ஒன்றுதான். பூச்சி விழவில்லை என்றால் பூச்சி இல்லை என்று அர்த்தமில்லை, விளக்கு எரியவில்லை என்றும் இருக்கலாம், இதற்குப் படிப்பு வேண்டுமா? அந்த ஐந்து கட்டத்திலும் அடித்துவிட்டு, விளக்கு எரியவில்லை, என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை, வேலை போய்விடும் என்ற பயம். இதைப் பிரமுவிடம் கல்யாணமான புதிதில் ஒருநாள் சொன்னேன். அவள் உடனே, "அந்தப் பேச்சிமுத்துக்கு நெல்லு வீட்டுல இருந்துச்சா, சாப்பாட்டுக்கு?" என்றுதான் கேட்டாள். எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றவில்லையே என்று அன்றைக்கு நினைத்தேன். அன்றைக்குத்தான் இவளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று, இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

ஆறு இருபத்தாறு. தண்ணீர் இன்னும் விழுகிறது. இவ்வளவு நேரமா முகம் கழுவுவது? கண்ணைக் கழுவுகிறாள். நேற்றும் அப்படித்தான். கண் சிவந்திருக்கிறதே என்றதற்குச் சுண்ணாம்புத் தூசி என்றாள், தலைமையாசிரியை அறையில் எங்கிருந்து வந்தது சுண்ணாம்புத் தூசி? ஃப்ரிட்ஜில் சட்னிக் கிண்ணத்துக்குப் பின்னால் ஒரு கண் மருந்துப் புட்டி இருக்கிறது, நான் பார்த்தேன், பார்த்துவிட்டுச் சட்னியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நான் எதைத்தான் பார்க்கிறேன். ஒன்பது நாளாகக் கண்ணாடியில் பூச்சி இல்லை, ஒன்பது நாளாக இவள் கண் சிவந்திருக்கிறது, நான் இரண்டையும் தனித்தனியாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வயலில் பூச்சி இருக்கிறது. இருக்கத்தான் செய்யும், இந்த மாதத்தில் பூச்சி இல்லாத பிசானத்தை நான் கண்டதில்லை. அப்படியானால் அது எங்கே போய் விழுகிறது? ஹெல்மெட் போடாமல் வருகிறாளோ? தெரு முனையில் மாட்டிக்கொண்டு வருகிறாளோ, எனக்காக? பதினாறு கிலோமீட்டர், ஒரு பக்கம் கால்வாய், தடுப்புச்சுவர் பாதி தூரம் கிடையாது, ஐம்பத்தேழு வயசு, ரிட்டையராக இன்னும் மூன்று வருஷம். ஸ்டூல் மேல் இருந்த ஹெல்மெட்டைத் துணியோடு கவிழ்த்தேன். சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்தேன், சர்வீஸ் முடிந்து ஆபீசிலிருந்து நான் கொண்டுவந்தது அது ஒன்றுதான். நெற்றி படுகிற பஞ்சில், தையல் ஓரத்தில், பச்சையாக ஒரு புள்ளி. இன்னொன்று. ஒரு அந்தின் இறக்கைப் பொடி. காது மடிகிற இடத்தில் முழுசாகக் காலை மடக்கிக்கொண்டு ஒரு தத்துப்பூச்சி. நான் ஹப்பாடா என்று மூச்சு விட்டேன். போட்டுக்கொண்டுதான் வருகிறாள். போட்டுக்கொண்டு, கண்ணாடியை மட்டும் மேலே ஏற்றிவிட்டுவிட்டு வருகிறாள். அதுவும் எப்படி? எதிர்க்காற்றில், பூச்சி மேகத்துக்குள், கண்ணைத் திறந்துகொண்டு, கால்வாய் ஓரமாக. நாற்பத்தாறு பூச்சி கண்ணாடியில் விழாவிட்டால் அது அவள் முகத்தில்தான் விழவேண்டும். ஏன் இந்தக் கிறுக்குத்தனம்? இதற்கா நான் தினமும் இதைப் பளபளவென்று துடைத்து வைக்கிறேன்?

பத்து நிமிஷம் ஆகவில்லை, ஏழுதான் ஆகியிருந்தது, இருந்தாலும் துணியை எடுத்துவிட்டேன், வாழ்க்கையில் முதல் தடவை. கண்ணாடியை வேட்டி நுனியால் ஒத்தி எடுத்து ட்யூப்லைட்டில் சாய்த்துப் பார்த்தேன், நன்றாகத்தான் மினுங்கியது. பிறகு என்ன தோன்றியதோ, அதைத் தலையில் மாட்டினேன். மூன்று வருஷமாக இதைத் துடைக்கிறேன், ஒருநாளும் மாட்டிப் பார்த்ததில்லை. உள்ளே பிரமு இருந்தாள். தேங்காயெண்ணெய், பிச்சிப்பூ, பள்ளிக்கூடத்துச் சத்துணவு வாசனை கொஞ்சம், வேர்வை. காது ரெண்டும் அடைத்து, என் மூச்சு எனக்கே கேட்டது. கண்ணாடியை இறக்கிவிட்டேன். வாசல் தெரிந்தது, ஸ்கூட்டர் தெரிந்தது, வானத்தில் கடைசி வெளிச்சம் தெரிந்தது, ஒரு குறையும் இல்லையே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் எதிர்வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிள் திரும்பியது. விளக்கு நேராக என் முகத்துக்கு வந்தது. அவ்வளவுதான், தெருவைக் காணோம். விளக்கு இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பெரிய நூல்கண்டு, வட்டம் வட்டமாக ஆயிரம் கீற்று, அதற்குப் பின்னால் கேட் இல்லை, மரம் இல்லை, எதிர்வீடு இல்லை, எங்கே ரோடு முடிகிறது என்று இல்லை. நான் நின்ற இடத்தில் நின்றபடியே சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் வண்டியை நிறுத்தி விளக்கை அணைத்ததும் எல்லாம் பழையபடி வந்தது. அந்த வட்டம் எனக்குத் தெரியும். அது என் கை போகிற வட்டம். கார்த்திகைக்கு முந்தின நாள் குத்துவிளக்கு, அகல், பழைய அரிக்கேன் எல்லாவற்றையும் துலக்கிக்கொண்டிருந்தேன், அரிக்கேன் கண்ணாடிக்குத் திருநீறு போட்டுச் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன், பொறிக்குக் கரண்ட் வருவதற்கு முன்னால் பெட்ரோமாக்ஸ் கண்ணாடியை அப்படித்தான் தேய்ப்போம், கண்ணாடி இருக்கிறதே தெரியாது, அவ்வளவு சுத்தம். அதே கையோடு, அதே திருநீறோடு, இதையும் தேய்த்தேன். அன்றைக்கு மட்டும் இல்லை, அன்றிலிருந்து தினமும். கண்ணாடி மாதிரி இருந்தால் கண்ணாடியா? பிளாஸ்டிக். திருநீறு அதைத் தினம் ஒரு சுற்று கீறியிருக்கிறது. எனக்கு அதில் ஒரு நினைப்பு வேறு, யாரிடமும் சொல்லாத நினைப்பு, திருநீறு பூசினது மாதிரியும் ஆச்சு, போகிற வழியில் அவளுக்குக் காவலாக இருக்கும் என்று. காவல்! போன வாரம் திங்கட்கிழமை வந்து சொன்னாளே, பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு லாரிக்காரன் கண்ணைக் கூசுகிற மாதிரி லைட்டைப் போட்டான், ஓரமா மண்ணில இறங்கிட்டேன், ஒண்ணும் ஆகலை, என்று. ஒரு மணி நேரம் நான் அந்த லாரிக்காரனைத் திட்டினேன். அவன் வம்சத்தையே திட்டினேன். பாலத்துக்குப் பக்கத்தில் மண் எவ்வளவு அகலம்? மூன்றடி இருக்குமா? அதற்கு அப்புறம் கால்வாய். மறுநாள் செவ்வாய். முதல் பூஜ்யம்.

"என்ன, எங்கயும் புறப்பட்டாச்சா?"

பிரமு இரண்டு கையிலும் காப்பியோடு நின்றிருந்தாள். நான் ஹெல்மெட்டோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். கண்ணாடியை மேலே ஏற்றினேன், அப்போதுதான் அவள் முகத்தை ஒழுங்காகப் பார்த்தேன். வலது கண் நல்ல சிவப்பு.

"எத்தனை நாளா ஏத்தி விட்டுக்கிட்டு வார?"

அவள் டம்ளரைக் கிரில் ஓரத்தில் வைத்தாள். "காப்பி ஆறுது, அதைக் கழட்டுங்க முதல்ல. பக்கத்து வீட்டுல பாத்தா என்ன நினைப்பாங்க?"

"அந்த லாரிக்காரன் லைட்டு ஒண்ணும் செய்யலை. இதுல எந்த லைட்டு பட்டாலும் அப்படித்தான். நான்லா தேச்சிருக்கேன்."

"ஆமா." பிறகு அவளே சொன்னாள், "பாவம் அவன். நீங்க அந்தத் திட்டு திட்டுனீங்க, நானும் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"கால்வாய்ல விழுந்திருந்தா? சொல்லியிருக்கலாம்லாட்டி என்கிட்ட?"

"சொன்னேன்லா. வெறும் தண்ணி போதும்லான்னு சொன்னேன். முப்பத்திநாலு வருஷம் விளக்குக் கண்ணாடி தொடைச்ச கைன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு ரெண்டு நாள் காப்பி குடிக்கலை நீங்க."

"ஒரு நாள்."

"ஒன்றரை." அவள் என் தாடைக்குக் கீழே கை கொடுத்து ஹெல்மெட் வாரைத் தானே கழற்றினாள். "தெனம் நான் கேட்டைத் தொறக்கும்போது துணியை நனைச்சுப் பிழிஞ்சு வச்சுக்கிட்டு நிப்பீங்க. ரிட்டையர் ஆன பொறவு அந்த ஒரு நேரந்தான் உங்க மூஞ்சி பழைய மூஞ்சியா இருக்கு. அதைப் பாத்துக்கிட்டே, இதைக் கெடுத்துட்டீங்கன்னு சொல்லச் சொல்லுதீங்களா? லீவு விட்டதும் யாருக்கும் தெரியாம ஒரு கண்ணாடி மாத்திப் போட்டுரலாம்னு இருந்தேன். இன்னும் நாலு நாள்தான்."

நாலு நாள். எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது, கோபமும் வந்தது, இரண்டில் எதை முதலில் வெளியே விடுவது என்று தெரியாமல் உள்ளே போய் ஒரு புதுக் கைக்குட்டையும் கிண்ணத்தில் நல்ல தண்ணீரும் கொண்டுவந்தேன். அவளை ஸ்டூலில் உட்காரவைத்தேன். கண்ணைக் காட்டு என்றேன். கையைக் கழுவினீங்களா என்றாள். கழுவினேன் என்றேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லலாமென்றால் அவள் அதைப் போட்டிருக்கவில்லை, படிக்கும்போது மட்டும்தான் போடுவாள், அதையாவது போட்டுக்கொண்டு வந்திருக்கலாம், இதையெல்லாம் யோசித்துக்கொண்டே கீழ் இமையை மெதுவாக இழுத்து லென்ஸை வைத்தேன். முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் கண்ணை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. கருவிழியைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் விழத் தொடங்கியிருக்கிறது, வயசு. சிவப்பு நரம்புகள். நடுவில் கருவிழியில் லென்ஸும் என் நெற்றியும் தலைகீழாக இல்லாமல் நேராகவே தெரிந்தன. அசையாதே என்றேன். நான் எங்க அசையுதேன், எடுங்க சீக்கிரம் என்றாள். மூக்குப் பக்கத்து மூலையில் அது ஒட்டியிருந்தது, எள்ளில் பாதி இருக்கும். கைக்குட்டை முனையை நனைத்து, ஊறட்டும் என்று ஒரு சொட்டு விட்டு, காத்திருந்து எடுத்தேன்.

"என்ன பூச்சி?"

"பச்சைத் தத்து. முழுசு இல்லை. ஒரு இறக்கை."

"எழுதுங்க போய்," என்றாள், கண்ணைக் கசக்காமல் சிமிட்டிக்கொண்டே. "நாளைக்குக் காலையில கடை தொறந்ததும் கண்ணாடியை மாத்திட்டு அப்படியே கண் ஆஸ்பத்திரிக்கும் போயிட்டு வந்துருவோம். நீங்கதான் ஓட்டணும்."

அடுப்படிக் கதவைச் சாத்திக் காலண்டருக்கு முன்னால் நின்றேன். எட்டுப் பூஜ்யம் இருந்தது, ஒன்றும் மேலே மூடாமல். ஒவ்வொன்றாக அடித்தேன். எட்டுக் கட்டத்திலும் பொடி எழுத்தில், விளக்கு எரியவில்லை, என்று எழுதினேன், கட்டம் போதாமல் அடுத்த கட்டத்தில் போய் முட்டியது, இருந்தாலும் எழுதினேன். இன்றைய கட்டத்தில் ஒன்று என்று போட்டேன். பிரமு காப்பி டம்ளரோடு பின்னால் வந்து நின்று எல்லாவற்றையும் வாசித்தாள். அவளுக்கு அந்த வார்த்தை எங்கிருந்து வருகிறது என்று தெரியும். என் தோளில் கொஞ்சம் சாய்ந்துகொண்டு ஆறிப்போன காப்பியைக் குடித்தாள்.

"புதுக் கண்ணாடி வந்தாலும் நீங்கதானே தொடைப்பீங்க?" என்றாள். "பத்து நிமிஷம் ஊறணும்லா?"

"ஊறணும்," என்றேன். "வெறும் தண்ணி போதும்."